வீரப்பட்டம் யாருக்கு வேண்டும்?

கொள்ளைநோய்க் காலம் கழிந்தது. அதனைப் பற்றிய பேச்சும் ஓய்ந்தது. கொவிட் 19 இந்நாட்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 72 ஆயிரம் பேரைப் பீடித்ததும், 16 ஆயிரத்து 800க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்ததும் இன்று எம் மாணவர்கள் பொது அறிவுப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் தகவல்களாகிவிட்டன. ஆயினும் அந்நாளில் மேடைதோறும் முழங்கிய ஒரு சொல் இன்னும் எம் செவியை உறுத்திக்கொண்டிருக்கின்றது. 'வீரர்' என்பதே அச்சொல். மருத்துவர் வீரர், தாதியர் வீரர், நோயாளியின் படலையில் நின்று, "கடந்த பதினான்கு நாளில் யார் யாரைச் சந்தித்தீர்கள்?" என்று வினவித் திரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீரர்.

அப்பரிசோதகர் இப்பட்டத்தை எவரிடமும் கேட்டாரல்லர். அவர் கேட்டவை வேறு. தமது கட்டளைக்குச் சட்டத்தின் துணை வேண்டுமென்றார். தம்மால் வீட்டினுள் அடைக்கப்பட்டவர்களுக்கு உணவு வேண்டுமென்றார். கிழமையில் ஒரு நாளேனும் உறக்கம் வேண்டுமென்றார். கேட்டவற்றுட் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. கேளாத பட்டம் மட்டும் தாராளமாய்க் கிடைத்தது. இது தற்செயலாக நேர்ந்ததென்று நாம் கருதவில்லை. தொழிலாளிக்கு உரியதைக் கொடுக்க மனமில்லாத சமுதாயம், அவனைத் தியாகியாக்கி மாலையிட்டுத் தன் கடனைத் தீர்த்துக்கொள்கின்றது. தியாகி கூலி கேட்கலாகாது. வீரன் களைத்தேன் எனலாகாது. பட்டத்தின் உட்பொருள் இதுவே.

இப்பணியாளர் பலரின் உள்ளம் அக்காலத்தில் உடைந்தது என்பதை இப்பொழுது சிலர் ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கூறும் காரணமும் காட்டும் பரிகாரமும் எமக்கு உடன்பாடானவை அல்ல. "மன அழுத்தத்தைத் தாங்கும் பயிற்சி இவர்களுக்குப் போதாது, தியானமும் மூச்சுப்பயிற்சியும் ஆலோசனை வகுப்பும் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பது அவர்தம் கட்சி. உள்ளத்தின் முறிவுக்கு உள்ளமே குற்றவாளி என்னும் இக்கட்சியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பணியாளரின் உள்ளத்தை முறித்தது அவர் தலையிற் சுமத்தப்பட்ட வேலையின் ஒழுங்கே என்பது எமது துணிபு.

*

முதலில் அவ்வேலை யாது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். கொவிட் கிருமி தொற்றியவர், காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு முன்னரே பிறருக்கு அதனைப் பரப்பக்கூடியவர். ஆகவே நோயாளியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அவர் நெருங்கிப் பழகியவர்களையும், அவர்கள் நோயுறுமுன்னரே, தேடிப்பிடித்து ஒதுக்கிவைத்தல் வேண்டும். ஒரு நாட் பிந்தினால் சங்கிலியில் இன்னொரு கண்ணி கூடிவிடும். பரிசோதனை முடிவு இரவு பத்து மணிக்கு வந்தால் பரிசோதகரின் வேலை பத்தேகாலுக்குத் தொடங்கும். நோயாளியின் நினைவைக் கிளறிப் பெயர்களைப் பெறவேண்டும். பெயருக்குரியவர்களை விடியுமுன் தேடவேண்டும். வாசலில் அறிவித்தல் ஒட்டவேண்டும். பதினான்கு நாளும் அவர்கள் வெளியேறாமற் பார்க்கவேண்டும். அதற்கிடையில் அறிக்கை எழுதவேண்டும். அடுத்த நாள் வேறு ஐந்து பெயர்கள் வந்துசேரும்.

இது நம் நாட்டிற்குப் புதிதன்று. நோய்த்தடுப்புக்காக ஒருவரை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. களுத்துறையில் 1926ஆம் ஆண்டிலேயே சுகாதாரப் பிரிவு என்னும் அமைப்பு தோன்றிவிட்டது. நம் பாட்டன்மார் 'சனிற்றரி இன்ஸ்பெக்டர்' என்று அச்சமும் மதிப்புங் கலந்து அழைத்தவரே இன்றைய பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் முன்னோர். வீடு வீடாகச் சென்று வினவும் இவ்வேலை எத்துணை வலியது என்பதற்கு மலேரியாவின் வரலாறே சான்று. 1946இல் 28 இலட்சம் பேர் அளவில் இந்நாட்டில் மலேரியாக் கண்டனர். 1963இல் கண்டவர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென்று ஆறுதலடைந்து தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1968, 1969ஆம் ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். பின்னர் பல்லாண்டு உழைத்து, 2016ஆம் ஆண்டிலேதான் மலேரியா அற்ற நாடென்னும் சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றோம்.

கொவிட் காலத்திலும் இவ்வேலையின் பயனை நாம் கண்ணாரக் கண்டோம். 2020 ஒக்டோபர் மாதத் தொடக்கம் வரையில் இந்நாட்டில் அந்நோயால் இறந்தோர் 13 பேரே. ஊரடங்கும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊரடங்கு கண்மூடிய மருந்து, எல்லோரையும் அடைக்கும். அடைக்கவேண்டியவர் யார் என்று தேடிக் காட்டியவர்கள் இப்பணியாளர்களே.

ஆயினும் இத்தொழிலுக்கு ஓர் அவலம் உண்டு. இதன் வெற்றி கண்ணுக்குப் புலப்படாது. மருத்துவர் குணப்படுத்திய நோயாளி நடந்து வீட்டுக்குப் போவதை உலகம் பார்க்கின்றது. வராத நோயையும் சாகாத மனிதனையும் எவர் பார்ப்பார்? வயலை விளைவித்தவனுக்கு நெல் உண்டு. பாடஞ் சொன்னவனுக்கு மாணவனின் முகம் உண்டு. தொடர்பாளரைத் தேடியவருக்கு எஞ்சுவது, தான் அடைத்துவைத்த வீட்டாரின் வசைமொழி மட்டுமே. தொழிலில் நிறைவு காணும் வாயில் இயல்பாகவே குறுகிய இவ்வேலையைச் செய்பவருக்கு ஏனைய வாயில்களையாவது சமுதாயம் திறந்துவைத்திருக்க வேண்டும். நாம் என் செய்தோம்?

*

எம்முடன் பத்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர் ஒருவர் குடாநாட்டில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கின்றார். எம் வீட்டிலிருந்து மூன்றாம் வீடு அவருடையது. 2020 மார்ச் மாதம் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதும் நாம் முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருந்தோம். அவருக்கோ அன்றுதான் வேலை தொடங்கியது.

அம்மாதம் 15ஆம் திகதி அரியாலையில் ஆராதனை நடத்திச் சென்ற போதகர் ஒருவர், சுவிற்சர்லாந்து திரும்பியபின் தொற்றாளராக அறியப்பட்டார். அக்கூட்டத்திற்கு வந்தோர் யாவர், அவர்கள் பின்னர் எவ்வெவ் வீடுகளுக்குச் சென்றனர் என்ற பட்டியல் உடனே தேவைப்பட்டது. பட்டியல் என்ற சொல்லை இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். பெயர்ப் பட்டியலுக்கு அஞ்சுவதற்கு வடபுலத்து மக்களுக்குக் காரணம் உண்டு. வீட்டில் எத்தனை பேர், யார் வந்தார், எங்கே தங்கினார் என்ற வினாக்களை அவர்கள் முன்னர் வேறு வாய்களிலிருந்து கேட்டவர்கள். அவ்வினாக்களின் பின் வீடு திரும்பாத பிள்ளைகளைப் பெற்றவர்கள். இதனை அறிந்த அரசாயின், நோய் பற்றிய வினாவைச் சீருடையிலிருந்து வெகு தொலைவில் வைத்திருக்கும். நடந்தது யாது? கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடர்பாளரைத் தேடப் புலனாய்வுத் துறையினரும் ஈடுபடுத்தப்பட்டனர். ஊரவன் ஊரவனிடம் அன்பாகக் கேட்கவேண்டிய வினா விசாரணையாக மாறிற்று. படலையில் நின்றவர் தம் ஊர்ப் பரிசோதகரே எனினும், அவர் முதுகுக்குப் பின்னால் வேறொருவரின் நிழலை மக்கள் கண்டனர். அந்நிழலுக்குரிய வெறுப்பு முழுவதையும் தாங்கியவர் அவரே.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பின்னர் பேலியகொடை மீன்சந்தையிலும் நோய் பெருகியது. அச்சந்தைக்கு மீன் ஏற்றிச் சென்ற லொறியில் வேலை செய்த கூலியாள் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, எம் நண்பர் அவரிடம் சென்றார். கூலியாள் மூவரின் பெயரைச் சொன்னார். நான்காமவரை மறைத்துவிட்டார். நான்காமவர் அவருடைய மைத்துனர், அன்றாடம் கடற்றொழிலுக்குப் போனால்தான் அடுப்பெரியும், மூன்று குழந்தைகள். பதினான்கு நாள் அடைத்தால் அவர்கள் எதை உண்பர்? மறைத்தவரின் கணக்கு இவ்வளவே. மைத்துனர் தொழிலுக்குப் போனார். இரண்டு கிழமை சென்றபின் அவருடைய வயோதிபத் தாய் மூச்சுத்திணறி இறந்தார்.

"நாலாவது பேரை நான் ஏன் கேட்டு வாங்கேல்லை?" என்று நண்பர் எம்மிடம் கேட்டது அப்பொழுதன்று, மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு திருமண வீட்டுப் பந்தலில். "மச்சான், நான் பேரைக் கேட்டால் ஒரு வீட்டிலை உலை அணையுது. கேக்காட்டில் இன்னொரு வீட்டிலை பிரேதம் கிடக்குது. எனக்கு எந்தப் பக்கம் போனாலும் பழிதான்."

தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10 ஆயிரம் ரூபா பெறுமதியான உலருணவு வழங்கப்படும் என்று அரசு அறிவித்ததை நாம் மறக்கவில்லை. எம் நண்பரின் பிரிவில் ஒரு வீட்டுக்கு அப்பொதி ஒன்பதாம் நாள் வந்தது. முதல் எட்டு நாளும் அவ்வீட்டு வாசலில் நின்று, "வெளியே போகாதீர்கள்" என்று சொன்னவர் அவர். இடையில் இருமுறை தம் பணத்தில் அரிசியும் பருப்பும் வாங்கிப் படலையில் வைத்துவிட்டு வந்திருக்கின்றார். இதைக் கடமை மீறிய கருணை என்று புகழ்வோரும் இருப்பர். அரசு கொடுக்கத் தவறிய சோற்றை அரசாங்க ஊழியன் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தான் என்பதே இதன் பொருள். கையிற் சோறின்றிக் கேட்கப்படும் வினா, கேட்கப்படுபவனுக்கு மிரட்டலாகும், கேட்பவனுக்கு மனச்சுமையாகும். ஏழையின் பசியும் பரிசோதகரின் உறக்கமின்மையும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொன்றபொழுது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தை மட்டும் கொண்டு செல்லவில்லை. உணவையும் கொண்டு சென்றார்கள். வற்றிய வயிற்றில் மருந்து தங்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இளைஞர் சிலருக்கு விளங்கிய உண்மை, ஓர் அரசாங்கத்திற்கு ஒன்பதாம் நாளிலேதான் விளங்கியது.

*

இனி உளநூலாரின் கூற்றைப் பார்ப்போம். 'மனப்பயிற்சி'க் கட்சியினர் அவர்களையே தமக்குத் துணையாகக் காட்டுவதால் இது தேவையாகின்றது. தொழில்வழி வரும் உளச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்ரினா மாஸ்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் அதற்கு மூன்று கூறுகள் சொல்வார். உணர்ச்சி வற்றிப்போதல் ஒன்று. தாம் பணிசெய்யும் மனிதரை மனிதராக உணராமற் போதல் மற்றொன்று. தம் உழைப்பால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் மூன்றாவது. எம் நண்பரிடம் இம்மூன்றையும் நாம் கண்டோம். 2021 ஓகஸ்ட் மாத இறுதியில் நாளொன்றுக்கு இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்த நாட்களில், அவர் நோயாளரைப் பெயராற் கூறுவதை விட்டுவிட்டார். "இன்றைக்கு எட்டு" என்பார். பெயர்களைத் தேடுவதே தொழிலாகக் கொண்டவர் பெயர்களை மறந்தார். அப்பொழுது நோய் தேடுதலின் எல்லையைக் கடந்து பரவிவிட்டது. தேடியும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். தேடாமல் இருக்கவும் உத்தரவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பு, இச்சோர்வைத் தனிமனிதனின் நோயாகக் கொள்ளவில்லை. உரியவாறு கையாளப்படாத தொழிலிட நெருக்கடியின் விளைவாகிய தொழில்சார் நிகழ்வு என்றே வகுத்துள்ளது. ரொபேட் கராசெக் என்பார் 1979ஆம் ஆண்டில் இன்னும் தெளிவாகக் கூறினார்: வேலையின் பளு மிகுவதால் மட்டும் மனிதன் முறிவதில்லை, பளு மிகுந்தும் அவ்வேலையைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்குமிடத்தே முறிகின்றான். நம் பரிசோதகரின் நிலைக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் வேண்டுவதில்லை.

அவருக்கு அக்காலத்தில் அளிக்கப்பட்ட பரிகாரம் யாது தெரியுமா? 'மன அழுத்த முகாமை' பற்றிய ஒரு மணித்தியால விரிவுரைக்கு வருமாறு ஒரு சுற்றறிக்கை. விரிவுரை வேலைநாளில் நடைபெற்றது. அன்று மாலை சமர்ப்பிக்கவேண்டிய அறிக்கைகளுக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. கண்களை மூடி மூச்சைக் கவனிக்குமாறு விரிவுரையாளர் பணித்தார். கண்களை மூடிய நண்பர் உறங்கிவிட்டார். அம்மாதத்தில் அவர் தொலைபேசி ஒலியின்றி உறங்கிய ஒரு மணித்தியாலம் அதுவே. ஆலோசனைச் சேவை வேண்டாமென்று நாம் கூறவில்லை. உளமருத்துவமும் மருத்துவமே, வேண்டியவர்க்கு அது தாய்மொழியில், இரகசியங் காத்து, கிடைத்தல் வேண்டும். ஆனால் கல்லைச் சுமப்பவன் முதுகில் எண்ணெய் பூசிவிட்டு, கல்லை இறக்காமலே விடுவதை மருத்துவம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

*

தீர்மானிக்கும் உரிமை பற்றிக் கூறினோம். 2020 யூலை மாதத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கலாம். ஓகஸ்ட் 5ஆம் திகதி பொதுத்தேர்தல். கூட்டங்கள் எங்கும் நடைபெற்றன. சுகாதார விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பரிசோதகர் மீது; அதற்கான சட்ட அதிகாரத்தை வர்த்தமானியில் வெளியிடுக என்று அவர்தம் தொழிற்சங்கம் கோரியது. கோரிக்கை நிறைவேறாமையால் அம்மாத நடுப்பகுதியில் அவர்கள் கொவிட் பணிகளிலிருந்து விலகி நின்றனர். உடனே நேற்றைய வீரர்கள் இன்றைய துரோகிகளாயினர். "நோய்க் காலத்திலா வேலைநிறுத்தம்?" என்று நம் நடுத்தர வகுப்பார் சீறினர். வேட்பாளரின் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லிக் கூலியாளின் வீட்டை மட்டும் அடைக்கக்கூடிய அதிகாரத்தோடு ஒருவனை அனுப்பினால், அவன் தன் தொழிலை எவ்வாறு மதிப்பான் என்று எவரும் சிந்திக்கவில்லை. முகக்கவசம், இடைவெளி முதலியன பற்றிய ஒழுங்குவிதிகள் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வர்த்தமானியில் வெளிவந்தது ஒக்டோபர் மாதத்திலேதான். தேர்தல் அதற்கு முன்னரே முடிந்துவிட்டது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் மாதம் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டுமெனப் பணித்தது. புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம் மக்களின் கண்ணீரைப் பொருட்படுத்தாது ஏறத்தாழப் பதினொரு மாதம் இக்கொடுமை தொடர்ந்தது. 2021 பெப்ரவரி மாத இறுதியிலேதான் நீக்கப்பட்டது. அதன் பின்னரே ஓட்டமாவடி மண்ணில் முதல் ஜனாசாக்கள் அடக்கப்பட்டன. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு யாருக்கு உரியதோ அவர்கள் அதனை ஏற்பதும் ஏற்காமையும் அவர்கள் உரிமை. நாம் இங்கே வினவுவது வேறு: அக்கட்டளையைத் தீர்மானித்தவர் எவரும் இறந்தவரின் வீட்டு வாசலுக்குச் சென்றாரா? சென்றவர்கள் அடிமட்ட ஊழியர்கள். மேலே இருந்தோரின் இனவெறியைக் கீழே நின்றவன் தன் வாயாற் கூறவேண்டியதாயிற்று. மனச்சாட்சி ஒவ்வாததைச் செய்யுமாறு பணிக்கப்பட்டவனின் உள்ளத்தில் விழும் புண்ணை, வியற்நாம் போரிலிருந்து மீண்ட படையினரிடையே பணியாற்றிய உளமருத்துவர்கள் தனியொரு பெயரிட்டு ஆராய்ந்தனர். அப்புண்ணை மூச்சுப்பயிற்சி ஆற்றுமா?

அதன் பின் மக்கள் நோயை மறைத்தார்கள் என்றால் வியப்பென்ன? தொற்றாளர் ஒருவர் பரிசோதகர் மீது உமிழ்ந்த செய்தி 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. உமிழ்ந்தவர் சிறை சென்றார். அச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மனிதனின் வெறுப்பைத் தண்டித்த நாடு, அவ்வெறுப்பைப் பயிரிட்டவர்களை விசாரிக்கவில்லை.

*

இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பெண்கள் 'ஆஷா' ஊழியர்களாகக் கிராமந்தோறும் நோயாளரையும் தொடர்பாளரையும் தேடித் திரிந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை; மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும் மட்டுமே; 'தன்னார்வத் தொண்டர்' என்பது அவர்தம் வகுப்பு. 2020 மார்ச் மாதத்தில் அவ்வரசின் தலைவர் மக்களைக் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அப்பெண்கள் ஊதியமும் பாதுகாப்பும் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தார்கள். 2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியது. 2025 பெப்ரவரி மாதத்தில் கேரளத்து ஆஷா ஊழியர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் மீண்டும் தெருவில் இருந்தார்கள். கைதட்டலுக்குப் பின்னும், விருதுக்குப் பின்னும், கோரிக்கை அதுவே.

இங்கிலாந்திலோ பணத்திற்குக் குறைவில்லை. தொடர்பாளரைத் தேடும் திட்டத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கென 3,700 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. வேலையின் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குப் போயிற்று. ஊரறியாத இளைஞர்கள் தொலைபேசிகளின் முன் அமர்த்தப்பட்டு, தொடக்க மாதங்களில் அழைக்க ஆளின்றி வெறுமனே இருந்தார்கள். அத்துணைப் பெருஞ்செலவுக்கு ஏற்ற பயன் விளைந்தமைக்குத் தெளிவான சான்றில்லை என்று அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு 2021 மார்ச்சில் அறிக்கையிட்டது. அளவு மீறிய வேலையைப் போலவே பயனற்ற வேலையும் மனிதனை வாட்டும். ஓரிடத்தில் கூலியற்ற தொண்டு. மற்றோரிடத்தில் கொள்ளை இலாபக் குத்தகை. இரண்டிலும் உழைப்பவனின் குரலுக்கு இடமில்லை.

*

பிறரைக் குற்றங்கூறி நாம் தப்பிக்கொள்ளல் முறையன்று. எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நாம் என்ன செய்தோம்? கொவிட் காலத்தைப் பற்றி நாம் படித்த கதைகளிலும் கவிதைகளிலும் பெரும்பாலானவை வீட்டினுள் இருந்தோரின் தனிமையைப் பாடின. யன்னலையும் வெறுந்தெருவையும் பாடின. யன்னலுக்கு வெளியே வெறுந்தெருவில் மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற மனிதனை அவை காணவில்லை. காணும் இடத்தில் எழுதியவன் இருக்கவில்லை என்பதே காரணம். அடுத்த தடவையேனும் நம் இலக்கியம் யன்னலைத் திறக்குமாக.

எம்மைப் பற்றியும் கூறவேண்டும். 2020ஆம் ஆண்டின் ஒரு பங்குனி நண்பகலில் எம் நண்பர் எமது படலையில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். முப்பது ஆண்டுகளாகக் கேளாமலே எம் குசினிக்குள் வந்து போனவர். நாம் ஒரு பிளாஸ்ரிக் போத்தலிற் கொடுத்தோம். குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர் தெருமுனையைக் கடக்குமுன் அப்போத்தலைக் குப்பைக்குள் எறிந்தோம். அன்று மாலை அவர் பிள்ளையோடு விளையாடப் போகவேண்டாமென்று எம் பிள்ளைக்குச் சொன்னோம். அன்றிரவு, முகநூலில் 'எங்கள் வீரர்களுக்குத் தலைவணங்குகின்றோம்' என்று எழுதியவரும் நாமே. போத்தல் எறிந்ததை அவர் கண்டார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

வீரப்பட்டம் யாருக்கு வேண்டும் என்ற வினாவுக்கு விடை இங்கே உண்டு. எமக்கு வேண்டியிருந்தது. போத்தலை எறிந்த கையை மறைப்பதற்கு அது வேண்டியிருந்தது.

*

இனிச் செய்யவேண்டியவை யாவை? மந்திரம் எதுவும் நாம் கூறப்போவதில்லை. நோய் வருமுன்னரே போதிய பரிசோதகரும் குடும்ப நல உத்தியோகத்தரும் நிரந்தர நியமனம் பெற்றிருத்தல் வேண்டும். பயிற்சி பெற்ற துணைப்படை ஒன்று அழைக்குமுன் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கொள்ளைநோய்க் காலத்திலும் முறைவேலையும் ஓய்வுநாளும் சட்டத்தால் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். மேலதிக வேலைக்கு மேலதிக ஊதியம் வேண்டும். எரிபொருளையும் தொலைபேசியையும் ஊழியன் தன் செலவிற் பார்த்துக்கொள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது நெருக்கடி வருமுன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும். அது செல்வந்தர் வாசலிலும் கூலியாள் வாசலிலும் ஒன்றாகச் செல்லுபடியாதல் வேண்டும். நோய் தேடும் பணியிற் சீருடைக்கும் புலனாய்வுக்கும் இடமிருத்தலாகாது. ஊழியரின் பிரதிநிதிகள் தீர்மானிக்கும் மேசையில் இருத்தல் வேண்டும். எரிப்புக் கட்டளை போன்றவற்றை வாசலுக்குக் கொண்டுசெல்லும் கால்களுக்கு, 'செல்லமாட்டேன்' என்னும் உரிமையும் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அடைக்கப்படும் வீட்டுக்கு முதல் நாளே உணவும் இழந்த கூலியும் சென்றடைதல் வேண்டும். அறிவித்தலை ஒட்டும் கையே அரிசியையும் கொடுக்குமாயின் நான்காவது பெயர் மறைக்கப்படாது. பரிசோதகரின் உள்ளத்துக்கு இதனினுஞ் சிறந்த மருந்தை எந்த விரிவுரையாளரும் தரமாட்டார்.

செலவு எங்கே என்பர் சிலர். 2022ஆம் ஆண்டில் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்ற நாடு என்று நினைவூட்டுவர். 1963இல் எஞ்சிய 17 நோயாளர் 5 இலட்சமாகப் பெருகியபொழுது நாடு செலுத்திய விலையை அவர்களுக்கு நாம் நினைவூட்டுகின்றோம். காவலைக் குறைத்து மிச்சம் பிடித்தவர்கள் பின்னர் மருத்துவமனையிலும் மயானத்திலும் பன்மடங்கு செலுத்தினார்கள்.

எம் நண்பர் இப்பொழுது டெங்கு நுளம்பின் குடம்பியைத் தேடிக் கிணற்றடிகளிலும் கூரைப் பீலிகளிலும் திரிகின்றார். இரவில் மூன்று மணியளவில் விழித்துத் தொலைபேசியைத் தடவிப் பார்க்கும் பழக்கம் இன்னும் அவரை விட்டு நீங்கவில்லை என்று அவர் மனைவி கூறுகின்றார். அத்திருமண வீட்டில் அவர் இறுதியாகச் சொன்னது இது: "இன்னொருக்கா அப்பிடி ஒரு வருத்தம் வந்தால், முதல் நாளே லீவு எழுதிக் குடுத்திட்டு வீட்டிலை இருப்பன், மச்சான்."

அவர் அவ்வாறு செய்வார் என்று நாம் நம்பவில்லை. தொலைபேசி ஒலித்தால் எழுந்து போவார். நாடும் நாமும் அதை அறிவோம். அறிந்தே அவர் கேட்டவற்றைக் கொடாதிருக்கின்றோம். அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டில் வரும் என்று எவராலும் கூறமுடியாது. வரும் நாளில் படலையில் வந்து நிற்கப்போகின்றவர் இவரோ இவர் போன்ற ஒருவரோதான். அவருக்கு உரியதை இன்றே கேட்டு வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு, அவர் கேட்ட வினாவால் உயிர் தப்பிய எம் அனைவருக்கும் உரியது. தொழிற்சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பத்திரம் வெளிவரும்பொழுது அதனடியில் ஆசிரியரும் எழுத்தாளரும் கையொப்பமிடுவார்களாக. வீரப்பட்டத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பட்டஞ் சூட்டிப் பழகியவர்களைச் சொல்கின்றோம்.